ஆறெழுத்து

இரவு பதினொன்றே முக்கால்.
வெளிநாட்டுப் பக்கத்தில் மிச்சமிருந்தது
ஒற்றைப் பத்தி, பதினோரு வரி.
நகைக்கடைக்காரர் கடைசி நேரத்தில்
கால் பக்கம் கேட்டுவிட்டார்.

அந்தப் பதினோரு வரிக்குள்
ஒரு மலைத்தொடர், ஒரு எல்லை,
எல்லை தாண்டி வந்த அண்டை நாட்டு விமானங்கள்,
அப்புறம்
குர்துகள் என்ன சொன்னார்கள் என்பது.

என்ன சொன்னார்கள்?
மாகாண அரசின் பேச்சாளர்,
சண்டை போடுகிற இருவரும்
எங்கள் மண்ணைவிட்டுத் தள்ளிப் போய்ப் போடட்டும் என்றார்.
இன்னொரு கட்சி ஆழ்ந்த கவலை தெரிவித்தது.
எத்தனை அடி ஆழம் என்று
ஏஜென்சி சொல்லவில்லை.
மலை மேலிருப்பவர்கள் ஆக்கிரமிப்பு என்றார்கள்.
எல்லைக்கு அந்தப் பக்கம்
ஒரு குர்து உறுப்பினர் அவையில் எழுந்து
முதல் வாக்கியம் முடிப்பதற்குள்
மைக் அணைந்தது.
பதினோரு வரியில் மைக்குக்கு இடமில்லை.

ஹேமினை எனக்கு கிரீம்ஸ் ரோட்டுச் சந்தில்
டீக்கடையில் பழக்கம்.
மகள் ஷிலானுக்கு வால்வு மாற்ற வந்து
லாட்ஜின் மூன்றாம் மாடியில் ஐம்பது நாள்.
ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளருக்கு அரபி தெரியும்,
ஹேமினின் அரபி பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.
அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும்
இரண்டு நொண்டிகள்,
கை கோத்துக்கொண்டு தெருவைக் கடக்கும்.

அன்று சாயங்காலம் போனைக் காட்டினார்.
மஞ்சள் கொடிக் கட்சியின் சேனலில் அது நடவடிக்கை.
சோதனைச் சாவடியில் லாரிகள்
வழக்கம்போல் போகின்றன, பாருங்கள்.
பச்சைக் கொடிக் கட்சியின் சேனலில்
அது தாக்குதல், அதோடு
மஞ்சள் கட்சி ஏன் வாய் திறக்கவில்லை
என்று முக்கால் மணி நேரம்.
மூன்றாவதில் ஒரு பெண் நிருபர்.
பின்னால் திராட்சைத் தோட்டம் எரிகிறது.
பேச்சின் நடுவில் நிறுத்தி
அண்ணாந்து பார்த்தாள்.
இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது ஸ்டூடியோ.

"சேனலை மாத்தினா ஊரே மாறுது" என்றார்.
"தம்பிக்கு அனுப்பின மெசேஜ் மட்டும்
ரெண்டு நாளா ஒத்த டிக்."
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.
குடிக்கவில்லை, காசு கொடுத்தார்.

டிக் என்றதும் எனக்கு வேறொன்று.
இரண்டாயிரத்து ஒன்பதில்
இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில்
புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதுகாப்பு வலயம் என்று வரும், தினமும் வரும்.
ஒற்று சரி, சந்தி சரி.
டிக் போட்டு அனுப்பினேன்.
ஏப்ரல் முழுக்க, பாதி மே வரை
ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

"ஏஜென்சி என்ன போட்டிருக்கோ அதையே போடு,
நமக்கென்னய்யா" என்றார் சீஃப் சப் கோதண்டம்,
ஏற்கெனவே ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபடி.

விரல்விட்டு எண்ணினேன்.
நடவடிக்கை, ஆறெழுத்து.
படையெடுப்பு, அதுவும் ஆறெழுத்து.
இடம் போதவில்லை என்று சொல்லிக்கொள்ள
வழியில்லை.
இரண்டாவதை அடித்தேன்.
திரையில் கொஞ்ச நேரம் இருந்தது.
பன்னிரண்டு பத்துக்கு
முதலாவது அச்சுக்குப் போனது.

காலையில் எக்கோ அறை வாசலில்
பேப்பரை வாங்கிப் பார்த்தார் ஹேமின்,
தலைகீழாய்ப் பிடித்திருக்கிறோமோ என்று
ஒருமுறை திருப்பியும் பார்த்தார்.
எங்கே எங்கள் ஊர்? தொட்டுக் காட்டினேன்.
இது? என்று தலைப்பில் விரல் வைத்தார்.
வாசித்தேன்.
திருப்பிச் சொன்னார், மெதுவாக,
ஒவ்வொன்றாக அழுத்தி:
ந. ட. வ. டிக். கை.
"பூட்ஸ் போட்டுட்டு மாடி ஏறுற சத்தம்" என்றார்.

அர்த்தம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து
நாற்பத்தேழு, சீலா, சீலா என்றாள்.
பெயரைத் திருத்தாமல்
மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.
நாற்காலியில் பேப்பர்,
தங்க விலை மேலே தெரியும்படி.